நம்ம தெரு போடுற மார்க்கு

சினிமாவுக்கு மார்க்கு போடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். விகடன் ஒரு படத்துக்கு 100-க்கு எத்தனை போட்டது என்று வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறை ஒன்று உண்டு. 1977-ல் வந்த ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 மார்க்கைப் பரீட்சை ரிசல்ட் மாதிரி இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் இங்கிலீஷ் பேப்பர்கள் 5-க்கு இத்தனை நட்சத்திரம் என்றன. ஐஎம்டிபி 10-க்கு இத்தனை என்றது. இப்போது படம் முடிந்து வெளியே வருகிறவன் மூஞ்சிக்கு நேராக மைக்கை நீட்டி, எப்படி இருக்கு ப்ரோ என்று கேட்கிறார்கள். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்த பிறகு, இந்த மைக்குக்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கமே கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. மார்க்கு அவ்வளவு பெரிய சமாச்சாரம். அதில் கோடிக்கணக்கான பணம் இருக்கிறது.

இத்தனை மார்க்கிலும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் காலனிப் பொம்பளை ஒருத்தி போட்ட மார்க்கு எங்கே இருக்கிறது? பகல் பூரா வெங்காயம் புடுங்கிவிட்டு வந்து, சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி 10 மணிக்கு மேலே மகனுடைய செல்லில் படம் பார்க்கிறாளே, அவளிடம் எந்த மைக்கு வந்தது? முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறவனுக்குத்தான் மைக்கு. அவள் பார்க்கும்போது படம் பழசாகியிருக்கும். மார்க்கெல்லாம் போட்டு முடித்து, அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள்.

அதனால் எங்கள் பக்கத்துத் தோழர்கள் சிலர் சேர்ந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். குன்னம் வட்டத்தில் ஒரு காலனி. ராத்திரிப் பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடத்தின் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கின புரொஜெக்டரில் படம் போடுவோம். படம் முடிந்ததும் பேச்சு. பேசி முடித்ததும் ஒவ்வொருத்தரும் 10-க்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். படிக்கிற பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தோடு ஆரம்பித்தது. கொரோனாவில் நின்று, திரும்பவும் நடக்கிறது.

அந்த நோட்டிலிருந்து சில பக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். கேமரா கோணம், எடிட்டிங் என்கிற பேச்செல்லாம் அதில் கிடையாது. எம்.ஏ. தமிழில் அழகியல், உத்தி, பாத்திரப் படைப்பு என்று பக்கம் பக்கமாகப் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். எங்க சனங்க அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் அத்தனையையும் பேசுறாங்க.

நோட்டு வருவதற்கு முன்னாடியும் எங்க தெரு மார்க்கு போட்டுக்கொண்டுதான் இருந்தது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’ இரண்டும் 1992. ‘எஜமான்’ 1993. ‘நாட்டாமை’ 1994. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, டெக்கு வாடகைக்கு எடுத்து, தெரு நடுவில் வைத்து விடிய விடிய ஓட்டின படங்கள் இவை. நம்ம சனங்களும் விசில் அடித்துத்தான் பார்த்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விசில் அடிச்ச வாயே மறுநாள் களத்துமேட்டுல வேற பேசும். ‘நாட்டாமை’ பார்த்துவிட்டு எங்க அம்மாயி சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. “தீர்ப்பு சொல்றவன் சொம்பு, சால்வையோட ஒக்காந்திருக்கான். நாமெல்லாம் எந்த ஓரத்துல நின்னோம்? அதக் காட்டவே இல்லையே.” நிஜத்தில் எங்க தாத்தா அந்த மாதிரி ஒரு மரத்தடியில் தோள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு நின்றவர். படம் எடுத்தவன் மரத்தைக் காட்டினான், ஆலமரத்துப் பெருமையைக் காட்டினான். துண்டை இடுப்பில் கட்டின ஆள் நின்ற இடத்தை மட்டும் கேமரா தாண்டிப் போய்விட்டது.

அந்தப் படங்களின் சாதிப் பெருமைப் பாட்டுகள் தியேட்டரோடு முடியவில்லை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் ரேடியோ செட்டுக் குழாயை நம்ம தெருப் பக்கம் திருப்பி வைத்துப் போட்டார்கள். எங்க ஊரில் சாமி ஊர்வலம் நம்ம தெரு முனைக்கு வந்ததும் மேளத்தை நிப்பாட்டிட்டு, பாட்டைப் போட்டு ஆடுவான். ஏன்டா இங்க வந்து போடுறேன்னு கேட்டவனுக்கு மண்டை உடைஞ்சது. பத்திரிகைகள் அந்தப் படங்களுக்கு நடிப்புக்கு இவ்வளவு, இசைக்கு இவ்வளவு என்று பாராட்டு எழுதின. மண்டை உடைஞ்ச கணக்கு யார் மார்க்கிலும் சேரவில்லை. எங்க நோட்டு அந்தக் கணக்கையும் சேர்க்கிறது. படம் தியேட்டருக்குள் என்ன செய்தது என்பது பாதி மார்க்கு. தியேட்டரிலிருந்து நம்ம தெருவுக்கு வருகிற ரோட்டில் அது என்ன செய்தது என்பது மீதி.

இனி நோட்டுப் பக்கங்கள்.

‘பரியேறும் பெருமாள்’ சராசரி 8 வாங்கியது. பெண் வேடம் கட்டி ஆடுகிற அந்தக் கூத்துக்கார அப்பாவை வேட்டியை உருவி ஓட விடுகிற இடத்தில் எங்க தெருவில் சத்தமே இல்லை. பறையடிக்கிற பெரியப்பா ஒருத்தர் எழுந்து வெளியே போய்விட்டார். படம் முடிஞ்ச பிறகு திரும்பி வந்து மார்க்கு சொன்னார். “பத்துக்குப் பத்து போட்டுக்க. ஆனா இன்னொரு தடவ இங்க போடாத.” இப்படி ஒரு மதிப்பீட்டை எந்த விமர்சகர் எழுதுவார்? முழு மார்க்கு கொடுத்துவிட்டு, இனி பார்க்க மாட்டேன் என்கிறார். அவருக்கு அது படம் இல்லை. ஒரு தடவை பட்டதை இன்னொரு தடவை பட முடியாது என்கிறார்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. அறிவுஜீவிகள் அதை வைத்து நிறைய எழுதினார்கள். எங்க அத்தை ஒருத்தி சொன்னதும் நோட்டில் இருக்கு. “இங்க தனி கிளாஸு போனதுக்குப் போராட்டமும் காரணம், பேப்பர் கப்பும் காரணம். கப்புல குடிச்சுட்டுத் தூக்கிப் போட்டுர்றோம், கழுவுற வேலையில்ல, யாரு வாயி வச்சதுன்னு கேள்வியில்ல. கடை பெஞ்சுல ஒக்காந்து பாரு, அப்பத் தெரியும்.” அவள் போட்டது 7. பெஞ்சைக் காட்டியிருந்தால் 9 என்றாள்.

அடுத்தது ‘ஜெய் பீம்’. 2021 நவம்பர் 2-ல் நேராகச் செல்போனுக்கே வந்த படம். தியேட்டர் டிக்கெட் இல்லை, பஸ் செலவு இல்லை என்பதால் எங்க பொம்பளைகள் ஊரோடு சேர்ந்து சுடச்சுடப் பார்த்த படம் அதுதான். சில நாட்களுக்குள் ஐஎம்டிபியில் 9.6 வாங்கி, அதுவரை உச்சியில் இருந்த ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ என்கிற அமெரிக்கப் படத்தைத் தாண்டியது. உலகமே மார்க்கு போட்டது என்று நம்ம பையன்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். இன்னொரு பக்கம், படத்தில் சுவரில் தொங்கிய ஒரு நாள்காட்டியை வைத்து எதிர்ப்புக் கிளம்பி, அந்தப் படத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. யார் எந்தச் சாதி என்று பார்த்து மார்க்கைக் கூட்டிக் குறைக்கிற வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று அந்த மாசத்தில் பார்த்தோம்.

எங்க பக்கத்தில் அந்தப் படத்துக்கு வேறு ஒரு கனம் உண்டு. படத்தின் மூலக் கதை 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனையில் நடந்தது. போலீஸ் அடித்துக் கொன்ற ராஜாக்கண்ணுவின் உடல் கிடைத்தது ஜெயங்கொண்டம் பக்கத்தில். இன்றைக்கு அது அரியலூர் மாவட்டம். அன்றைக்கு எல்லாம் சேர்ந்து திருச்சி மாவட்டம். ஒரு மாவட்டத்தில் கொன்று இன்னொரு மாவட்டத்தில் போட்டால் அடையாளம் தெரியாத பிணம் ஆகிவிடும் என்கிற போலீஸ் கணக்கில் எங்க மண்ணுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. அவர் மனைவி பார்வதி விடாமல் நின்றார். அன்று வழக்கறிஞராக இருந்த சந்துரு வழக்கை நடத்தினார். 13 வருசம் கழித்து 2006-ல்தான் உயர்நீதிமன்றம் போலீஸ்காரர்களைக் குற்றவாளிகள் என்றது.

நோட்டில் ‘ஜெய் பீம்’ சராசரி 8. ஆனால் ஒரு 5 இருக்கிறது. போட்டவள் ஜெயங்கொண்டம் பக்கம் வாக்கப்பட்டுப் போன என் சித்தி மகள். அவள் சொன்னது: “வக்கீலு வந்த கேசுக்குப் படம் எடுத்தாங்க. வக்கீலு வராத கேசு எத்தன? செத்தவரு குறவரு. படத்துல இருளருன்னு மாத்திட்டாங்க. செத்த பிறகும் அந்த ஆளுக்கு அவரு பேரு கெடைக்கல.” குறவர் அமைப்புகளும் இதையேதான் கேட்டன. இருளர் படுகிற பாடு பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று கூட்டத்தில் பல பேர் தலையாட்டினார்கள். அவள் 5 அப்படியே நோட்டில் இருக்கிறது. யாரும் திருத்தச் சொல்லவில்லை.

2023 மார்ச் 31-ல் ‘விடுதலை’ முதல் பாகம் வந்தது. அதற்கு முந்தின நாள் சென்னை ரோகிணி தியேட்டரில் ‘பத்து தல’ பார்க்க டிக்கெட் வாங்கி வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிப்பாட்டி வைத்தார்கள். வீடியோ வெளியே வந்து ஊர் சிரித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். பெரம்பலூரில் மலையப்ப நகர், எறையூர் என்று நரிக்குறவர் குடியிருப்புகள் உண்டு. மார்க்கு போடுவதற்கு முதலில் உள்ளே விட வேண்டுமே என்று அன்றைக்கு நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தோம். அதற்கு மார்க்கு இல்லை.

‘விடுதலை’ தொடங்குவதே கவிழ்ந்து கிடக்கிற ரயிலில். எங்க பக்கத்துக் கிழவர்களுக்கு அதைப் பார்த்ததும் வேறு எந்த ஊரும் ஞாபகம் வரவில்லை. “இது 56-ஆ, 87-ஆ?” என்று ஒரு தாத்தா கேட்டார். இளசுகளுக்குப் புரியவில்லை. 1956 நவம்பரில் மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேலே ஆட்கள் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது அதற்காகத்தான். 1987 மார்ச்சில் அதே மருதையாற்றில் பாலத்துக்கு வெடி வைத்ததில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. தமிழரசனுடைய தமிழ்நாடு விடுதலைப் படை மேலே பழி வந்தது. 1987 செப்டம்பர் 1-ல் பொன்பரப்பி வங்கியில் பணம் எடுக்க வந்தபோது தமிழரசனும் அவர் தோழர்களும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அடித்தது ஊர்க்காரனா, மப்டி போலீஸா என்கிற பேச்சு இங்கே இன்னும் ஓயவில்லை.

படம் ஜெயமோகனின் ‘துணைவன்’ கதையை வைத்து எடுத்தது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் கற்பனை. ஆனாலும் 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது, பெருமாள் வாத்தியாரில் புலவர் கலியபெருமாளையும் தமிழரசனையும் தேடித்தான் எங்க ஆட்கள் பார்த்தார்கள். பண்ணையார் வீட்டுக் கொடுமைக் காட்சிகளில் பழைய ஆட்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். புரொஜெக்டரை நிப்பாட்டி வைத்துக் கேட்டோம். அன்றைக்குப் படம் முடிய ராத்திரி 1 மணி ஆயிற்று.

மார்க்கு மட்டும் 6-ஐத் தாண்டவில்லை. காரணம் பொன்பரப்பி. சாதி ஒழியாமல் விடுதலை இல்லை என்று மீன்சுருட்டி அறிக்கையில் சொன்னவர் தமிழரசன். அவர் செத்து விழுந்த அதே பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18, ஓட்டுப் போடுகிற அன்றைக்கு, பானைச் சின்னத்தை வைத்துக் கிளம்பின தகராறில் தலித் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை உடைத்தார்கள். அங்கே உறவுமுறை உள்ள ஒரு அண்ணன் கூட்டத்தில் எழுந்து சொன்னார். “87-ஐ எடுக்குறாங்க, சரி. 2019-ஐ எவன் எடுப்பான்? அடிச்சவனும் ஓட்டு, அடிபட்டவனும் ஓட்டுன்னு போயிருவாங்க.” புரட்சிக்காரன் கதையைப் படமாக எடுக்கிற தைரியம் சினிமாவுக்கு வந்துவிட்டது. அவன் ஊரிலேயே சாதி என்ன செய்தது என்று எடுக்கிற தைரியம் இன்னும் வரவில்லை. 4 மார்க்கு குறைந்தது அதனால்தான்.

‘மாமன்னன்’ 2023 ஜூனிலும் ‘நந்தன்’ 2024 செப்டம்பரிலும் வந்தன. இரண்டும் நாற்காலி பற்றிய படங்கள். பெரம்பலூர் தனித் தொகுதி. அரியலூர் மாவட்டம் அடங்கிய சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதி. தனித் தொகுதி என்றால் என்ன என்று எங்க ஆட்களுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த போட்டோ எல்லாருடைய செல்லிலும் வந்தது. ராசிபுரத்தில் ஜெயித்த ப. தனபால் 2012-ல் சபாநாயகர் ஆனதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் ‘மாமன்னன்’ கடைசியில் வடிவேலு சபாநாயகராக உட்காருகிறபோது எங்க தெருவில் கை தட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. ‘தேவர் மகன்’ படத்தில் இசக்கியாக வந்த அதே வடிவேலு. அந்த இசக்கிதான் மாமன்னன் என்று மாரி செல்வராஜே மேடையில் சொன்னார். எங்க அம்மாயி இருந்திருந்தால் எந்த ஓரத்தில் நின்றோம் என்பதற்குப் பதில் கிடைத்தது என்றிருப்பாள். மார்க்கு 9.

ஆனால் அந்த 9-க்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது. படம் செல்போனுக்கு வந்ததும், வில்லன் ரத்தினவேல் வருகிற காட்சிகளை மட்டும் வெட்டி, சாதிப் பாட்டைச் சேர்த்து, ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நாயை அடித்துக் கொல்கிறவனை எங்க குலசாமி என்றார்கள். எங்க காலேஜ் பிள்ளைகளுடைய வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலேயே வந்தது. நமக்காக எடுத்த படத்தையும் வெட்டி ஒட்டி நம்ம தெருப் பக்கம் திருப்பி வைக்க முடிகிறது. ரேடியோ செட்டுக் குழாய் இப்போது சட்டைப் பையிலேயே இருக்கிறது.

‘நந்தன்’ கதை எல்லாருக்கும் நெருக்கமான கதை. பேருக்குத் தலைவர், நிஜத்தில் அடிமை. ஆனால் மார்க்கு 5. ஏன் என்று கேட்டால், படம் பார்த்த பொம்பளைகள் ஒரே குரலில் சொன்னது மேக்கப். “ஏன் நம்ம ஆளுன்னா மூஞ்சியில கருப்ப அப்பணும்? ஏன் எண்ண காணாத தலையோட வரணும்? வேலக்கிப் போறப்ப நானே தல சீவிப் பூ வச்சுட்டுத்தான போறேன்?” பல படங்களிலும் நடக்கிறதுதான் இது. வெள்ளைத் தோல் நடிகரைக் கூட்டி வந்து கருப்படித்து நம்ம ஆள் என்கிறார்கள். நம்ம ஆளையே நடிக்க விட்டால் மேக்கப் செலவு மிச்சம் என்று ஒருத்தி சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் அதுதான் மார்க்காக நின்றது.

நோட்டிலேயே கூடுதல் மார்க்கு வாங்கினது 2024 ஆகஸ்டில் வந்த ‘வாழை’. 9.5. இங்கே வாழை கிடையாது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும்தான். ஆனால் விடிகாலையில் டாட்டா ஏஸ் வண்டியில் ஆளுக்கு மேலே ஆளாக நின்றுகொண்டு வெங்காயம் புடுங்க, பருத்தி எடுக்க, கருது ஒடிக்கப் போகிற பொம்பளைகளுக்கு அந்த லாரி வேறு ஊர் லாரி இல்லை. கூலியைக் கூட்டிக் கேட்டதும், செலவை மிச்சம் பிடிக்க வாழைத்தார் மேலேயே ஆட்களை ஏற்றி அனுப்புகிற இடத்தைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். “கூலி ஏத்திக் குடுத்துட்டு அத வண்டியில புடிச்சுக்கிறான் பாரு. எங்க மேஸ்திரியும் இதான் பண்றான். 20 பேரு ஏறுற வண்டியில 35 பேரு.” மறுநாள் காலையில் அவர்களில் 8 பேர், இன்னொரு வண்டி விட்டால்தான் ஏறுவோம் என்று ரோட்டில் நின்றுவிட்டார்கள். மேஸ்திரி கத்திப் பார்த்தான். 2 வண்டி வந்தது. ஒரு வாரம்தான். அப்புறம் பழையபடி ஒரே வண்டி. இருந்தாலும் அந்த ஒரு வாரத்தைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு படம் தெருவுக்கு வருகிற ரோட்டில் என்ன செய்தது என்று கேட்டேன் அல்லவா, இதுதான் பதில்.

2025 அக்டோபரில் வந்த ‘பைசன்’ படத்துக்குக் கபடி ஆடுகிற பையன்கள் எல்லாரும் 10 போட்டார்கள். அங்கேதான் சண்டை வந்தது. அண்ணி ஒருத்தி 6 என்றாள். நம்ம ஆளு எடுத்த படத்துக்கு நீயே 6 போட்டா, அடுத்தவன் என்ன போடுவான் என்று பையன்கள் எகிறினார்கள். அவள் அசையவில்லை. “உங்களுக்குக் கபடி இருக்கு. அதுல எனக்கு என்ன இருக்கு? எல்லாப் படத்துலயும் நம்ம பொம்பள அழுவுறா, கட்டிக்கிறா, காத்திருக்கா. ஆடுறவன் துணியத் தொவைக்கிறது யாரு?”

இந்தச் சண்டையை இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்கள் யோசிக்க வேண்டும். இயக்கத்தில் இருக்கிற நம்மில் பலருக்குப் பையன்கள் சொன்னதுதான் நியாயமாகப் படும். ரொம்ப காலம் வேறு யாரோ நம்மைப் படம் எடுத்தார்கள். இப்போதுதான் நாமே எடுக்கிறோம். இந்த நேரத்தில் குறை சொன்னால் எதிரி சந்தோஷப்படுவான். இது ஓட்டுக் கணக்கு. மார்க்கை ஓட்டாக்கினால் நாமும் அவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். அவன் சாதி பார்த்துக் குறைக்கிறான், நாம் சாதி பார்த்துக் கூட்டுகிறோம். அண்ணி போட்ட 6 அடுத்த படம் எடுக்கிற நம்ம பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். 10 போட்டுக் கை தட்டினால் அவள் கேட்ட கேள்வி அவனுக்குப் போகாது.

இந்த மாவட்டத்தில் மார்க்கு என்பது லேசான வார்த்தை இல்லை தோழர்களே. செந்துறை வட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்தாள். படிக்கிற பிள்ளை என்று ஊரும் உலகமும் சொல்கிற மார்க்கு. அப்புறம் அளவுகோலை மாற்றினார்கள். நீட் என்கிற புதுக் கோலில் அவள் 720-க்கு 86. அதே பிள்ளை, அதே மூளை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்க் கேட்டாள். 2017 செப்டம்பர் 1-ல் நம்மை விட்டுப் போனாள். கோல் யார் கையில் இருக்கிறதோ அவன் நினைத்தால் 1176-ஐ 86 ஆக்க முடியும் என்று எங்க மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சினிமா சின்ன விசயம்தான். ஆனால் நாமே கோலைக் கையில் எடுத்துப் பழக ஒரு இடம் வேண்டும். வேட்டி கட்டின சுவரும் 80 பக்க நோட்டும் அதற்குப் போதும்.

தோழர்களுக்குச் சொல்வதற்கு மூன்று விசயம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு நோட்டு போடுங்கள். பேச்சைப் பொம்பளைகளிடமிருந்து ஆரம்பியுங்கள். ஆம்பளைகள் பேசி முடித்த பிறகு கேட்டால் “அவங்க சொன்னதுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதோடு, யார் எவ்வளவு குறைத்துப் போட்டாலும் அதைச் சமாதானப்படுத்தித் திருத்தாமல், சொன்ன காரணத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் அடுத்த படம் எது என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். பொம்பளை தன் வாயால் தன் கதையைச் சொல்கிற படமாகப் பார்த்துக் கொண்டு வரணுமாம். தேடிக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.